நீர் பிரியவில்லை என்று சொல்ல வெட்கம் ஏன்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையலும் ஆறி வருகிறது. நர்ஸ் வந்து மூத்திரக் குழாயை எடுத்துவிட்டு, "இனிமேல் நீங்களே போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பலருக்கு அதற்குப் பிறகுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. அடிவயிறு முட்டுகிறது, போய் உட்கார்ந்தால் வரவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்தால் நாலு சொட்டு விழுகிறது. எழுந்து வந்தால் மறுபடியும் முட்டுகிறது.

இதை யாரிடம் சொல்வது? காய்ச்சல் என்றால் ஊருக்கே சொல்லுவோம். வயிற்று வலி என்றால் அடுத்த கட்டில்காரரிடம் விஸ்தாரமாகப் பேசுவோம். மூத்திரம் வரவில்லை என்பதைக் கட்டிய பெண்டாட்டியிடம் சொல்லவும் நாக்குக் கூசுகிறது. இந்தக் கூச்சத்தினால் மூத்திரப்பை பாழாகிப் போனவர்கள் உண்டு. சிறுநீரகம் கெட்டு உயிரை விட்டவர்களும் உண்டு. ஆகவேதான் இதைப் பத்திரிகையில் பச்சையாக எழுத வேண்டியிருக்கிறது. கூலி, போனஸ், குத்தகை என்று எழுதுகிற பக்கத்தில் மூத்திரத்தைப் பற்றியா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு உடம்பைத் தவிர வேறு சொத்து ஏது?

நாம் சொல்ல வருவது இதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு நீர் பிரியாமல் போவது தலைவிதி அல்ல, மானக்கேடும் அல்ல. அது மணிக்கணக்குப் பார்த்துக் கவனிக்க வேண்டிய சங்கதி. நோயாளி வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி அளந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுவார்கள்.

ஏரியும் மதகும்

காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அடிவயிற்றில் இருக்கும் மூத்திரப்பை ஓர் ஏரி. சிறுநீரகங்களிலிருந்து இரண்டு வாய்க்கால்கள் வழியாக இராப்பகல் ஓயாமல் அதற்கு நீர் வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். ஏரியின் வாயில் ஒரு மதகு. 150, 200 மில்லி சேர்ந்ததும் 'நீர் வந்திருக்கிறது' என்ற தகவல் முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகிறது. 400, 500 மில்லி ஆகும்போது, அதாவது ஓர் அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு சேரும்போது, 'இனித் தாங்காது' என்று அவசரத் தகவல் போகிறது. நாம் மறைவாகப் போய் உட்காருகிறோம். மூளை உத்தரவு கொடுக்கிறது. பையின் சதை சுருங்குகிறது. அதே வேளையில் மதகு திறக்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் நீர் பிரியும்.

ஆபரேஷன் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடுகிறது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்காக முதுகில் ஊசி போடுகிறார்கள் அல்லவா? அது வலியை மட்டும் தூங்கவைப்பதில்லை. ஏரியின் தகவலைக் கொண்டுபோகிற லஸ்கரையும் சேர்த்தே தூங்கவைத்துவிடுகிறது. கால் அசையத் தொடங்கிய பிறகும் அந்த லஸ்கர் கண்விழிக்க இன்னும் சில மணி நேரம் ஆகிறது. வலிக்குக் கொடுக்கும் மார்பின் வகை மருந்துகள் பையின் சதையைச் சோம்பலாக்குகின்றன. போதாக்குறைக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் பாட்டில் பாட்டிலாக ஏறுகிறது. வரத்து அதிகம், வடிகால் இல்லை. பை 500 மில்லியைத் தாண்டி, 800ஐத் தாண்டி, ஒரு லிட்டர் வரைகூட உப்பிவிடும். அளவுக்கு மேல் இழுத்த ரப்பர் நாடா பழைய நிலைக்குத் திரும்பாது. மூத்திரப்பையின் சதையும் அப்படித்தான். மருந்தின் வேகம் இறங்கி லஸ்கர் விழித்த பிறகும், சுருங்குவதற்கு அதனிடம் சக்தி இருக்காது.

ஆபரேஷன் சமயத்திலேயே குழாய் போட்டிருந்தால் பை உப்பாது. ஆனால் குழாயை எடுத்த பிறகு வேறு தொல்லை வருகிறது. குழாய் உரசிய பாதை உள்ளே வீங்கியிருக்கும். பை வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்து பழகியிருக்கும். தையல் வலியில் உடம்பைத் தளர்த்தி உட்கார முடியாது. நாலு நாள் மலம் போகாமல் குடலில் தங்கியிருந்தால் அதுவும் பக்கத்திலிருந்து அழுத்தும். குழாய் வழியாகக் கிருமி ஏறியிருந்தால் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும்.

இது அபூர்வமான தொந்தரவும் அல்ல. உலகம் பூராவும் நடந்த ஆராய்ச்சிகளில், ஆபரேஷனைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும், நூற்றுக்கு 5 பேர் முதல் 70 பேர் வரை என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்க, "எனக்கு மட்டும் இந்தக் கேவலம் வந்துவிட்டதே" என்று கட்டிலில் ஒருவர் மருகிக்கொண்டிருப்பதில் நியாயமே இல்லை.

யாரை இது பிடிக்கிறது?

அரவை மில்லில் மூட்டை சுமக்கிறவர்களையும், களத்திலிருந்து லாரிக்கு நெல் ஏற்றுகிறவர்களையும் பாருங்கள். வருஷக்கணக்கில் பாரம் தூக்கித் தூக்கி அடிவயிற்றுச் சதை விலகிக் குடலிறக்கம் வருகிறது. அதற்கு ஆபரேஷன்தான் வழி. முதுகில் ஊசி, அடிவயிற்றில் தையல்: நீர் கட்டிக்கொள்வதற்கு வேண்டிய இரண்டும் அங்கே இருக்கின்றன. மூல வியாதிக்கு அறுத்தாலும் இதே கதை.

கும்பகோணம் வெற்றிலைக்கும் பாத்திரத்துக்கும் பெயர் போன ஊர். ஒரு காலத்தில் யானைக்கால் வியாதிக்கும் அது பெயர் போயிருந்தது. தேங்கிய சாக்கடையும் கொசுவும் கொடுத்த பரிசு அது. 1955இல் யானைக்கால் ஒழிப்புக்கென்று தேசியத் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. அந்த வியாதி காலில் மட்டும் வருவதில்லை. ஆண்களுக்கு விரைவீக்கமாகவும் வருகிறது. அதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே வயலில் உழைத்து வயதானவர்கள் நம் கிராமங்களில் எத்தனையோ பேர். அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் இந்த நீரடைப்பு விடுவதில்லை.

வயதான ஆண்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. மூத்திரப்பையின் வாயைச் சுற்றி ஒரு சுரப்பி இருக்கிறது. புராஸ்டேட் என்று பெயர். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பருக்கத் தொடங்கிவிடுகிறது. எண்பதைத் தாண்டினால் பத்தில் எட்டொன்பது பேருக்கு. மதகு வாயில் ஆகாயத்தாமரை அடைத்த மாதிரி. இரவில் நாலைந்து தடவை எழுந்திருப்பதும், நீர் சன்னமாக, விட்டு விட்டு வருவதும் இதன் அடையாளம். இப்படிப்பட்டவருக்கு வேறு எதற்காக ஆபரேஷன் செய்தாலும் நீர் கட்டிக்கொள்ளும் அபாயம் அதிகம். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே இதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்களும் சொல்ல வேண்டும். நாள்பட்ட சர்க்கரை பையின் நரம்பைக் கெடுக்கும்.

பெண்களுக்கு இது வராது என்று நினைப்பது பெரும் தவறு. சிசேரியனுக்குப் பிறகும், கர்ப்பப்பையை எடுத்த பிறகும், கஷ்டப்பட்ட சுகப்பிரசவத்துக்குப் பிறகும்கூட வருகிறது. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் விடிந்தது முதல் சாயங்காலம் வரை மறைவிடம் இல்லாமல் அடக்கி அடக்கியே பழகியவர்கள். ஆகவே ஆஸ்பத்திரியிலும் அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் தாயின் அடிவயிறு பானைபோல் உப்பியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

"கொஞ்சம் கொஞ்சமாப் போகுது"

இந்த வட்டாரத்தில் நடந்த ஒரு சம்பவம். ஊர் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். அறுபதை நெருங்கிய ஒரு விவசாயத் தொழிலாளிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. காலை ஆறு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். பகல் பன்னிரண்டு ஆகியும் நீர் பிரியவில்லை. மகள் பார்லித் தண்ணீர் காய்ச்சிக்கொண்டுவந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் குடித்தார். பிற்பகலில் வந்த நர்ஸம்மா, "ஐயா, ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று கேட்டதற்கு, "போகுதும்மா, கொஞ்சம் கொஞ்சமாப் போகுது" என்றார். சொட்டுச் சொட்டாக வேட்டியை நனைத்ததைத்தான் அப்படிச் சொன்னார். நர்ஸம்மாவுக்கு அன்று இரண்டு வார்டு பொறுப்பு. நின்று வயிற்றைத் தொட்டுப் பார்க்க நேரம் இல்லை. நள்ளிரவில் அவர் வலி பொறுக்காமல் அலறியபோது மறுபடி குழாய் போட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. நாலு நாளில் வீடு திரும்ப வேண்டியவர் மூன்று வாரம் குழாயோடு அலைந்தார். அறுவடைக் கூலி அத்தனையும் போயிற்று.

இதில் யார் மேல் பழி போடுவது? அந்தத் தொழிலாளிக்கு வெட்கம். மகளுக்கு விஷயம் தெரியாது. நர்ஸம்மாவுக்கு நேரமில்லை. மூன்றுக்கும் வைத்தியம் உண்டு.

கூச்சத்தைப் போக்க ஒரு பெரியவரின் பெயரைச் சொன்னாலே போதும். தந்தை பெரியார் தம் கடைசி ஆண்டுகளில் மூத்திரக் குழாயோடும் அதற்கான பாத்திரத்தோடும்தான் தமிழ்நாடு பூராவும் சுற்றுப்பிரயாணம் செய்தார். அதை ஒளித்துவைக்கவில்லை. அதற்காக வீட்டில் முடங்கவும் இல்லை. 1973 டிசம்பர் 19ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசியபோதும் வலியைப் பொறுத்துக்கொண்டே பேசினார். அதே மாதம் 24ஆம் தேதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 94ஆம் வயதில் காலமானார். அவருடைய கொள்கையை ஏற்காதவர்களும் அந்த மன உறுதியைக் கண்டு வியந்தார்கள். ஆயிரம் பேர் பார்க்கும் மேடையில் அவருக்கு இல்லாத வெட்கம், நாலு சுவருக்குள் டாக்டரிடம் சொல்ல நமக்கு எதற்கு?

ஆறு மணி நேரக் கணக்கு

குழாயை எடுத்த நேரத்தைக் கேட்டு மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் நன்றாக நீர் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் காத்திராமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும். அடிவயிறு உப்பி வலித்தால் ஆறு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று தடவை எரிச்சல் இருக்கலாம். நீர் லேசாகச் சிவந்தும் போகலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்து 'போகிறது' என்று திருப்திப்படுவதுதான் ஆபத்து. ஏரி நிரம்பிக் கரையைத் தாண்டி வழிவதற்கும் மதகு திறந்து பாய்வதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா? வயதானவர்கள் சிலருக்கு வலியே தெரியாது. திடீரென்று பிதற்றுவார்கள், கட்டிலில் புரளுவார்கள். அப்போதும் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நீர் பிரியவில்லை என்றதும் வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், வெள்ளரி விதை, பார்லி என்று வரிசையாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இவையெல்லாம் சாதாரண நாளில் குடிக்கலாம். பை ஏற்கெனவே நிரம்பி மதகு அடைத்திருக்கும்போது கொடுத்தால் என்ன ஆகும்? உடையப் போகிற ஏரிக்கு மேலும் தண்ணீர் திறந்துவிட்ட கதைதான். சாதாரணமாகக் குடிக்கிற அளவு குடித்தால் போதும். மருந்துக் கடையில் சளிக்கும் தும்மலுக்கும் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகளும் நீரைக் கட்டிவிடும். கேட்காமல் சாப்பிடக் கூடாது.

உதவி செய்யக்கூடியவை சுலபமானவைதான். படுத்தபடியே பாத்திரத்தில் போகச் சொன்னால், வாழ்நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து பழகியவருக்கு எப்படி வரும்? டாக்டர் அனுமதித்தால் எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்தோ நின்றோ போக வேண்டும். கட்டிலைச் சுற்றித் திரை போட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரைத் தொடையில் ஊற்றலாம். குழாயைத் திறந்து தண்ணீர் ஓசையைக் கேட்கச் செய்யலாம். வலிக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வராவிட்டால் மறுபடி குழாய் போட்டு வடிப்பார்கள். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். பைக்கு ஓய்வு கொடுத்து, புராஸ்டேட் பருத்தவர்களுக்கு மதகுச் சதையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். முதல் தடவை வராத பலருக்கு இரண்டாவது தடவை வந்துவிடுகிறது.

மறந்துபோன குழாய்

1752இல் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்லின், கல்லடைப்பால் தவித்த தம் தமையனுக்காக வெள்ளியில் வளையக்கூடிய ஒரு குழாய் செய்வித்தார். வசதியுள்ளவனுக்கு வெள்ளிக் குழாய் கிடைத்த காலம் அது. 1930ஆம் ஆண்டுகளில் பிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டர் நுனியில் பலூன் வைத்த ரப்பர் குழாயைக் கொண்டுவந்த பிறகே ஏழைக்கும் இது எட்டியது. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் போடுவது அந்த ஃபோலி குழாய்தான். அதற்கும் நமக்கும் ஓர் உறவுண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்கள் இந்த மண்ணின் கூலிகள். இன்றும் இந்தக் குழாய்களைச் செய்து உலகத்துக்கு அனுப்பும் முன்னணி நாடுகளில் மலேசியா ஒன்று.

உயிர் காக்கும் இந்தக் குழாய், தேவைக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் பகை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நீரில் கிருமி சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 7 வரை ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே "இன்னும் எத்தனை நாள்?" என்று தினமும் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

சிலரைக் குழாயோடே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்றைக்கு எடுக்க வேண்டும், என்றைக்கு மாற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதுவதில்லை. எழுதினாலும் படித்துச் சொல்ல ஆள் இல்லை. ரப்பர் குழாய்க்குக் கெடு வாரக்கணக்கில்தான். சிலிகான் குழாய் என்றால் சுமார் மூன்று மாதம். கெடு தாண்டினால் குழாயின் மேல் உப்புப் படிந்து கல்லாகிவிடும். அடைத்துக்கொள்ளும். கிருமி இரத்தத்தில் கலந்து குளிர்காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் இருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் பையைத் தொட வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் கிடக்கக் கூடாது. குழாய் மடங்கக் கூடாது. உள்ளே பலூன் நீரால் உப்பியிருக்கிறது. அதை ஊசிக்குழலால் வடித்த பிறகே குழாயை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பாதை கிழிந்து, தழும்பாகிச் சுருங்கி, ஆயுள் பூராவும் நீரடைப்புத்தான்.

பை சுருங்கும் சக்தியை இழந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 1972இல் ஜாக் லாபிடிஸ் என்ற அமெரிக்க டாக்டர், நோயாளியே கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு நாளைக்குச் சில தடவை மெல்லிய குழாயை விட்டு நீரை வடித்துக்கொள்ளலாம் என்று காட்டினார். டாக்டர் கையில் மட்டும் இருந்த வேலை நோயாளியின் கைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை காட்டினால் கற்றுக்கொள்ளலாம். ஆனால் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஒருவர் வேண்டுமே!

யார் அளப்பது?

பிரச்சினையின் அடிவேர் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு நீர் பிரிந்தது என்று ஒரு சாடியில் அளந்து எழுத வேண்டும். அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பையில் மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேன் கருவியால் பார்த்தால் இன்னும் நல்லது. இதற்கெல்லாம் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. ஆள் தேவை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நர்ஸுகள் திரண்டு உட்கார்ந்து போராடியதை நாடே பார்த்தது. 2015இல் தேர்வாகி வேலைக்கு வந்து, மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் உழைத்தவர்கள் அவர்கள். "எங்களை நிரந்தரமாக்கு" என்று அவர்கள் கேட்டது தங்களுக்காக மட்டும் என்று நினைத்தோமானால் நாம் ஏமாளிகள். நர்ஸ் போதாத வார்டில் உப்பிப்போவது நம்முடைய வயிறு. கழிப்பறை கழுவும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியும் நம் பிரச்சினைதான். நாறுகிற கழிப்பறைக்குப் பயந்து அடக்கிக்கொள்கிறவர் நம்முடைய தாயோ தங்கையோதான்.

சர்க்கார் ஆஸ்பத்திரி வேண்டாம், தனியாரிடம் போகலாம் என்பது இதற்குப் பதிலாகாது. நிலத்தை அடகு வைத்தா குழாய் போட்டுக்கொள்வது? தஞ்சையில் இராசா மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரசவத்துக்கும் குழந்தை வைத்தியத்துக்கும் டெல்டா ஜனங்கள் நாடிப் போகும் இடம். பெயரிலேயே ராஜாவும் மிராசுதாரும் இருக்கிறார்கள். அவர்கள் நன்கொடை கொடுத்தார்கள் என்பது மெய். அந்தப் பணம் எந்த நெல்லில் வந்தது, அந்த நெல்லை அறுத்துப் போரடித்தது யார் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பிச்சைக்காரன்போல் கூனிக் குறுக வேண்டியதில்லை. அது நம் உழைப்பில் எழுந்த கட்டடம். அங்கே நல்ல வைத்தியம் கேட்பது நம் பாத்தியதை.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் ஒரு காலத்தில் தஞ்சாவூர் ஒன்றுதான். 2010இல் திருவாரூருக்கு வந்தது. 2022இல் தமிழ்நாட்டில் 11 புதிய சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது நாகப்பட்டினத்துக்கும் ஒன்று கிடைத்தது. 2020இல் தனி ஜில்லாவான மயிலாடுதுறை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. கல்லூரி வந்த இடத்திலும் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துக் கிராமவாசி ஒரு குழாயை எடுக்க ஒரு பகல் கூலியையும் பஸ் செலவையும் இழந்துதான் போய்வருகிறார். உடன் வருகிறவரின் கூலியும் போகிறது.

கூலியைப் பற்றிப் பேசும்போது இன்னொரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. கோவையில் 1955இலேயே அமலுக்கு வந்தது. வியாதியில் படுத்தால், தகுதியுள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கும். மில் தோழர்கள் மூன்று வாரம் குழாயோடு இருக்க நேர்ந்தால் இதை விடாமல் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அந்த மில்லுக்கும் ஊருக்கும் சோறு போடுகிற விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பட்டியலில் உள்ள ஆபரேஷனுக்குப் பணம் கட்டும். படுத்த நாட்களுக்குக் கூலி தராது. அதனால்தான் அவர் தையல் ஆறுமுன்னே, நீர் சரியாகப் பிரியுமுன்னே, "நல்லாப் போகுது" என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறார். அந்தப் பொய்யில் வெட்கம் பாதி, வயிற்றுப்பாடு பாதி.

செய்ய வேண்டியது

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த வலிநிவாரண இயக்கம் ஊருக்கு ஊர் பரவியது. 2008இல் அந்த மாநில சர்க்கார் இந்தியாவிலேயே முதலாவதாக இதற்கொரு கொள்கையை வகுத்தது. பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்ஸ் வீட்டுக்கே போய்க் குழாய் மாற்றுகிறார். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. நல்ல காரியம். அதே ஏற்பாட்டில், குழாயோடு வீடு திரும்பிய ஒவ்வொருவருடைய பெயரும், எடுக்க வேண்டிய தேதியும் கிராம நர்ஸின் கையில் இருக்கும்படி செய்ய என்ன தடை?

நம் கோரிக்கைகள் நியாயமானவை, செலவும் அதிகமில்லை. ஒவ்வொரு ஆபரேஷன் வார்டிலும் அளவுச் சாடியும், நீர்க்கணக்கு எழுதும் அட்டையும், கட்டிலுக்குத் திரையும் இருக்க வேண்டும். நீர் பிரிந்ததை அளக்காமல் எவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குழாயோடு அனுப்பினால் எடுக்கும் தேதியைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். குழாய் மாற்றவும் எடுக்கவும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வசதி வேண்டும். காலியிடங்களில் நிரந்தர நர்ஸுகளை நியமிக்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் வியாதிக்காலக் கூலி வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குப் போகிற தோழரோடு சங்கத்திலிருந்து ஒருவர் போகலாம். குழாயை எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் ஆனதும், அவர் வெட்கப்பட்டால் அவருக்குப் பதிலாக நாம் நர்ஸிடம் சொல்லலாம். பெண் நோயாளிகளுக்கு மாதர் சங்கத் தோழியர் இதைச் செய்யலாம். டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்து, தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுக் கொடுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையே போதும்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் ஊரே திரண்டு மதகடிக்குப் போகிறோம். லஸ்கரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். உடம்பில் நீர் நின்றால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பது என்ன நியாயம்? தோழர்களே, வந்தால் வந்தது என்று சொல்லுங்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள்.